மாத்திரலாம் தம்பி

மதுரையில் பழைய ஜீப் வேலை தெரிந்த மெக்கானிக்குகளிடம் 'அப்கிரேடு' என்ற சொல் புழக்கத்தில் இல்லை. 'மாத்திரலாம்' என்பார்கள். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையா, மாத்திரலாம். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லையா, எஞ்சினையே மாத்திரலாம். யூடியூபில் ஜீப் வேலை காட்டும் பையன்கள் இதே காரியங்களுக்கு மாடிஃபிகேஷன், பில்ட், ஸ்டேஜ் ஒன் என்று விதவிதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லில் மட்டும் உள்ள வித்தியாசம் இல்லை இது. ஒன்று ஆசையில் செய்வது, இன்னொன்று வேறு வழியில்லாமல் செய்தது. நம் பக்கத்து ஜீப்பின் வரலாறு பெரும்பாலும் இரண்டாவது வகை.

என்னிடம் இருப்பது 1974-ல் பதிவான மகேந்திரா சி.ஜே.3பி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில், புளியமரத்தடியில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை வாங்கி, நாகமலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் வீட்டு போர்டிகோவில் நிறுத்தி, பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். அதன் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்று எழுதி, குறுக்கே அடித்து, பக்கத்தில் வேறு மையில் 'டீசல்' என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. எஞ்சின் நம்பரும் அப்படியே அடித்து எழுதப்பட்டது. அந்த அடித்தலுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'ஒரிஜினல் ஜீப்' என்று பலர் உருகுவார்கள். ஜீப் பிறக்கும்போதே ஒட்டுச்செடி.

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டது. நாலு சக்கரமும் இழுக்கும் ஓர் இலகுவான வண்டி வேண்டும், முதல் வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. மெனக்கெட்டுப் பதில் போட்டவை இரண்டே கம்பெனிகள். அதில் ஒன்று பென்சில்வேனியாவின் பட்லர் என்ற சிற்றூரில் கடன் கழுத்தை நெரிக்க மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கன் பேண்டம். கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளில் வரைபடம் போட்டார். புதிதாக எல்லாவற்றையும் செய்ய நேரம் ஏது? எஞ்சின் கான்டினென்டல் கம்பெனியுடையது. அச்சு ஸ்பைசர் கம்பெனியுடையது, அதுவும் ஸ்டூடிபேக்கர் காருக்குப் போவதைத் தழுவிச் செய்தது. செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. அந்த வடிவத்தை ராணுவம் பிறகு வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வில்லிஸ் தன்னுடைய 2.2 லிட்டர் எஞ்சினை அதில் வைத்தது. போர் முடிவதற்குள் இந்த இரண்டு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. பேண்டத்துக்குக் கிடைத்தது சொற்பம். பிற்பாடு டிரெய்லர் செய்துதான் பிழைத்தார்கள். பாவம்தான்.

அவசரத்தில் செய்ததில் ஒரு நல்லது நடந்தது. வண்டியில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. போர்க்களத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் சேற்றில் படுத்துக்கொண்டு கழற்ற வேண்டும் என்ற கணக்கில்தான் எல்லாம் அமைந்தது. தட்டையான தகரம். ஏணி மாதிரி சேசிஸ். முன்னும் பின்னும் ஒரே இரும்புத் துண்டாக அச்சு, அதைத் தாங்க மாட்டு வண்டிக்காரருக்கும் புரிகிற ஸ்பிரிங் பட்டை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை போகிற இடம் இருக்கும். என் போர்டிகோவில் நான் செய்கிற வேலைகளில் முக்கால்வாசி ஒரு ஸ்பானர் செட், ஒரு ஜாக்கி, இரண்டு மரக்கட்டை, ஒரு கிரீஸ் கன் இவற்றோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். அதன் பானெட்டுக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. அதைக் கழற்ற அவருக்கும் பயம், எனக்கும் பயம்.

ஜீப் வருவதற்கு முன்பே மதுரைக்கு இந்த மாற்றும் வித்தை பழகியிருந்தது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் இங்கே பஸ் ஓட்டத் தொடங்கியபோது தார்ச்சாலை என்பதே அரிது. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்தன. காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓடவிட்டு ஆணி பொறுக்கினார் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனதும் டி.வி.எஸ். கரிவாயுக் கருவி செய்து வண்டிகளில் பொருத்தியது. பெரியவர்கள் 'கரி பஸ்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

அதன் சூட்சுமம் எளிது. உருளைத் தொட்டி ஒன்றில் மரக்கரியைப் போட்டு, போதுமான காற்று கொடுக்காமல் எரிக்க வேண்டும். முழுதாக எரிய முடியாத கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதை ஆறவைத்து, சாம்பல் வடிகட்டி, பெட்ரோல் ஆவி போகிற வழியில் எஞ்சினுக்குள் விட்டால் அதுவும் வெடிக்கும். என்ன, காலையில் வண்டி எடுக்க வேண்டுமென்றால் வெள்ளனவே எழுந்து ஊதுசக்கரத்தைச் சுற்ற வேண்டும். இழுவையில் மூன்றில் ஒரு பங்காவது காணாமல் போகும். மேட்டில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் அடுப்பு மூட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பஸ் ஓடியது. பெட்ரோல் எஞ்சினுக்கு வேறு தீனி போட முடியும் என்று இந்த ஊர் பட்டறைகள் தெரிந்துகொண்டது அப்போதுதான் என்பது என் எண்ணம். இன்று நாம் ஃபியூயல் கன்வர்ஷன் என்கிறோம்.

டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகி, 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. என் ஜீப்பைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு எழுபது வயதுக்கு மேல். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி அந்தப் பழைய பஸ் பட்டறையில் பழகியவராம். 'அவரு நட்டைத் திருகுற சத்தத்தை வச்சே போதும்னு சொல்லுவாரு தம்பி. டார்க் ரெஞ்செல்லாம் நாங்க எங்க கண்டோம்?' என்பார்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் ஆசியா முழுக்க ஏலத்துக்கு வந்தன. பிலிப்பைன்ஸ்காரர்கள் அவற்றை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் அடித்து ஜீப்னி ஆக்கி ஊர் பஸ்ஸாகவே ஓட்டினார்கள். நம் நாட்டில் பம்பாய் மஸ்காவ்னில் மகேந்திரா கம்பெனி, வில்லிஸிடமிருந்து பாகம் பாகமாக வந்த 75 ஜீப்புகளை 1949-ல் பூட்டியது. (அந்தக் கம்பெனியின் பழைய பெயர் மகேந்திரா அண்ட் முகமது. பங்காளியான குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் நிதி மந்திரியாகி, பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். பெயரிலேயே ஒரு பாகம் மாற்றிய கம்பெனி.) சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகாரும் ஜீப்பைப் பற்றியதுதான். 1948-ல் லண்டனில் ஹைகமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காகச் சுமார் 80 லட்சம் ரூபாய்க்குப் போட்ட ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். புதுப்பித்தவை என்று சொல்லி விற்றவை, ஓடுகிற நிலையில் இல்லை. 1955-ல் அந்த விவகாரத்தை மூடினார்கள். பழைய வண்டிக்குப் பெயின்ட் அடித்துப் புதுப்பித்தது என்று தலையில் கட்டும் வியாபாரத்துக்கு நம்மிடம் நல்ல பாரம்பரியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையைச் சுற்றிய சமவெளிக்கு ஜீப் வந்தது பெரும்பாலும் சர்க்கார் வண்டியாக. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு பி.டி.ஓ. ஜீப் என்பது கிராமங்களில் ஒரு தனி உயிரினம். பொதுப்பணித்துறை ஜீப் கண்மாய்க் கரையில் ஓடும். சுகாதார ஜீப் ஊசியோடு வரும், பிள்ளைகள் ஓடும். தேர்தலென்றால் மைக் கட்டிய ஜீப். என் வண்டியும் சர்க்கார் வண்டிதான். பானெட்டைச் சுரண்டியபோது மூன்றாவது பூச்சுக்கு அடியில் பாதி அழிந்த 'அரசு' வந்தது. ஏலத்தில் எடுத்த விவசாயி ஒருவர் 1986-ல் அதற்கு டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார்.

ஏன் வைத்தார் என்பதற்குப் பதில் 1973-ல் இருக்கிறது. அந்த அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சில மாதங்களில் நாலு மடங்கு விலை ஏறியது. சர்க்கார் டிப்போவில் பெட்ரோல் போட்டபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஏலத்தில் எடுத்தவருக்கு அது சொந்தக் காசு. டீசல் விலை குறைவு, லிட்டருக்குத் தூரமும் கூட. மகேந்திராவும் இதைப் புரிந்துகொண்டுதான் தன் குழுமத்து இன்டர்நேஷனல் டிராக்டருக்கான டீசல் எஞ்சினின் வழிவந்த ஒன்றை ஜீப்புக்குள் வைத்தது. 1979-ல் பிரான்ஸின் பீஜோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்.டி.பி. 4.90 என்ற எஞ்சினைக் கொண்டுவந்தது. 2112 சி.சி., 62 குதிரைத்திறன். மதுரையில் அதைப் 'பீஜோ எஞ்சின்' என்றால்தான் தெரியும்.

புது வண்டியில் கம்பெனி வைத்துக் கொடுத்துவிடும். பழைய பெட்ரோல் வண்டிக்கு? லேத் பட்டறைதான் கம்பெனி. அண்ணன் தன் வயதில் எத்தனை வண்டிக்கு எஞ்சின் மாற்றினார் என்று எண்ணி வைக்கவில்லை. ஆனால் எப்படி என்று கேட்டால் நிறுத்தாமல் சொல்வார்.

முதல் சிக்கல், எஞ்சினின் பின்முகமும் கியர்பாக்ஸின் முன்முகமும் பொருந்தாது. போல்ட் துளைகள் வேறு வேறு. இடையில் கனமான இரும்புத் தகடு ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் எஞ்சினின் துளைகள், மறுபக்கம் கியர்பாக்ஸின் துளைகள் என்று போட வேண்டும். கேட்கச் சுலபம். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். மயிரிழை விலகினாலும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கிளட்ச் பேரிங் கத்தும், பிறகு ஷாஃப்டே போய்விடும். இரண்டாவது, டீசல் எஞ்சினின் கனம். முன் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை சேர்க்காவிட்டால் வண்டி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது, எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் இடிக்கும். அதை வெட்டி, வடிவம் மாற்றி, ஒட்டவைக்க வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். பீஜோ எஞ்சினுக்குக் குளிரில் சூடேற்றும் பிளக் உண்டு, அதற்கும் பெரிய ஸ்டார்ட்டருக்கும் ஏற்ற பேட்டரியும் வயரிங்கும் வேண்டும். டிராக்டர் வழி எஞ்சினாக இருந்தால் இன்னொரு வில்லங்கம். அது மெதுவாகச் சுற்றும் சாதி. ஜீப்பின் பல்சக்கரக் கணக்கோ வேகமாகச் சுற்றும் பெட்ரோல் எஞ்சினுக்கானது. இழுவை அபாரமாக இருக்கும், ஓட்டம் நடையாகிவிடும். 'மாட்டு வண்டிக்காரன் முந்திருவான் தம்பி. ஆனா நிக்காது' என்பார் அண்ணன்.

இதையெல்லாம் யாரும் படித்துச் செய்யவில்லை. அட்டையில் துளை வரைந்து, முதல் தகடு தவறி, இரண்டாவது தகடு ஓரளவு சேர்ந்து, மூன்றாவதில் பிடிபட்டிருக்கிறது. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஆர்.சி.யில் அடித்து எழுதியிருக்கிறார்கள். சட்டம் அன்று அதற்கு இடம் கொடுத்தது.

இங்கிருந்து மேற்கே தேனிப் பக்கம் போனால் கதை கொஞ்சம் கடுமையாகும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். நீளமான கமாண்டர்கள். கணக்குக்கு மேல் ஆள். போடிமெட்டு ஏற்றம் எஞ்சினுக்குச் சோதனை என்றால் சாயங்கால இறக்கம் பிரேக்குக்குச் சோதனை. என் ஜீப்பின் பிரேக் டிரம் 9 அங்குலம்தான். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் விட்டுப்போகும். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போவது ஒரே வழியில். எங்கோ ஒரு குழாய் உரசி ஓட்டை விழுந்தால் நாலும் போச்சு. கை பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்னால் போகும் புரோப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்டின் கிராஸ் உடைந்தால் அதுவும் இல்லை. பராமரிப்பு என்ற சொல்லுக்கு அந்த வண்டிகளில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கணக்கில் வேறு அர்த்தம்.

அதனால் என் வண்டியில் நான் முதலில் மாற்றியது பிரேக்கைத்தான். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள மாஸ்டர் சிலிண்டர், பிற்கால மாடலிலிருந்து பெரிய டிரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'என்ன ப்ரோ, ஸ்டாக்காவே வச்சிருக்கீங்க' என்றுதான் ஜீப் பையன்கள் கேட்பார்கள். அவர்கள் வண்டியில் முன்னால் இரும்புக் கம்பம், மேலே விளக்கு வரிசை, இடுப்பளவு டயர். பெரிய டயர் போட்டால் அச்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் பாரம் கூடும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும் என்பதை யாரும் ரீல்ஸில் சொல்வதில்லை.

மற்றபடி வீட்டில் செய்வது சலிப்பான வேலைதான். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல் மண். மழையில் அது களிம்பு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி, காய்ந்து, செங்கல்லாகி, சக்கரத்தையே சுற்றவிடாது. அன்றைக்கே கழுவ வேண்டும். முன் சக்கரம் திரும்புகிற இடத்தில் உருண்டை ஒன்று உண்டு. அதன் ஓரத்து சீல் தேய்ந்திருந்தால் உள்ளே சேறு போய் கிரீஸோடு கலந்து, பேரிங்கை அரத்தால் ராவியதுபோல் ராவிவிடும். மேலூர்ச் செம்மண் தூசு வேறு வகை எதிரி, அது ஏர் ஃபில்டருக்கு. கோடையில் வைகை மணலில் இறங்குவதானால் டயரில் காற்றைக் குறைத்து, நாலு சக்கர இழுவையைப் போட்டு, பைய ஓட்ட வேண்டும். திரும்பத் தார்ச்சாலை ஏறியதும் அந்த லீவரை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கியர் பல் போகும். மாதம் ஒருமுறை எல்லா முனைகளிலும் கிரீஸ். பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும் என்பது அண்ணனின் விதி.

இனி இப்படி மாற்ற முடியுமா என்றால், காகிதத்தில் கடினம். 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இறுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. முன்னால் இரும்புக் கம்பம் கட்டிய வண்டி மோதினால் நடந்து போகிறவர் கதி என்ன என்று யோசித்தால் கோபம் வராது. ஆனால் கம்பமும் இரட்டை வழி பிரேக்கும் ஒரே தராசில் ஏறுவது சரியில்லை. 1974-ல் வண்டி செய்தவருக்கு அன்றைக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். ஐம்பது வருடம் கழித்தும் அதையே வைத்துக்கொள் என்பது யாருக்கு நல்லது?

2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் தாண்டிய காரைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வயதான அரசு வண்டிகளுக்குப் பதிவுப் புதுப்பிப்பே இல்லை, உடைப்புக்குத்தான். மிச்சமிருக்கும் பி.டி.ஓ. ஜீப்புகளுக்கு அதுதான் முடிவு. முன்பெல்லாம் அவை ஏலத்தில் வந்து, யார் தோட்டத்திலோ இன்னும் இருபது வருடம் ஓடும். உதிரிபாகமும் அப்படித்தான் கிடைத்தது. இப்போது எனக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் விட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது.

போன மார்கழியில் கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கினோம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அந்தத் தகடு வெளியே வந்தது. கையால் அறுத்து, அரத்தால் ராவி எடுத்த ஓரங்கள். ஒரு மூலையில் தவறிப்போட்ட துளை ஒன்றை வெல்டு வைத்து அடைத்து, பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்தார்கள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'இது எங்க மேஸ்திரி போட்டது மாதிரி இருக்கு தம்பி. அந்த மனுசன்தான் துளைய அடைச்சா மேல ராவி மழுக்கிவிடுவாரு.'

'இதோட அளவு உங்ககிட்ட இருக்காண்ணே?'

'அளவா? அட்டைல வரஞ்சு வச்சிருந்தோம். பட்டறை இடம் மாறினப்ப அதெல்லாம் எங்கிட்டுப் போச்சோ.'

அவர் மகன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் வேலை பார்க்கிறான். பட்டறைக்கு வேறு ஆள் கிடையாது. நான் வீட்டுக்குள் போய் பழைய தினசரிக் காலண்டரின் அட்டையைக் கொண்டுவந்தேன். தகட்டை அதன் மேல் வைத்து அண்ணன் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பால்பாயின்ட் பேனாவால் ஓரத்தையும் ஒவ்வொரு துளையையும் சுற்றி வரைந்தேன். எஞ்சின் பக்கத்துத் துளைகளுக்கு 'எ', கியர்பாக்ஸ் பக்கத்துக்கு 'கி'. தகட்டின் கனத்தை வெர்னியரில் அளந்து எழுதினேன். அடைத்த துளையையும் வரையட்டுமா என்று கேட்டேன். 'அதையும் போடுங்க' என்றார்.